ஆறாவது தடத்தில் ஒரு புள்ளி

ஓர்னெல்லா: ...ஜன்னல் பக்கம் வா. இந்த எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டறேன். ஆறாவது தடத்துல என்ன தெரியுது?

டெல்ஃபினோ: மூடுபனி தெரியுது. அதுக்குப் பின்னால நெல்வயல். விரலை எடு, பிலிமோட மூலையே தெரியல.

ஓர்னெல்லா: மூலையில ஒண்ணும் இல்ல. நடுவுல பாரு.

டெல்ஃபினோ: கறுப்பா ஒரு புள்ளி. காபி சிந்தியிருப்ப.

ஓர்னெல்லா: நம்ம மெஷின் காபி என்னிக்கு இவ்வளவு கறுப்பா வந்திருக்கு?

டெல்ஃபினோ: சரி, புள்ளிதான். அதுக்கென்ன? என்சைம் வேலை செஞ்சா புள்ளி வரும். நாலு வருஷமா இந்த லேப்ல உட்கார்ந்து ரெண்டு பேரும் அதைத்தானே எண்ணிக்கிட்டிருக்கோம்.

ஓர்னெல்லா: ஆறாவது தடத்துல என்சைமே போடல, ராசா. மனுஷ ஜீன் வைக்காத வெறும் பாக்டீரியா. அரைச்சு அப்படியே ஊத்தினது. அந்த இடம் வெறுமையா இருக்கணும்.

டெல்ஃபினோ: பக்கத்துத் தடத்துலேர்ந்து வழிஞ்சிருக்கும். உன் கை நடுங்கும்னு நொவாரா ஊருக்கே தெரியும்.

ஓர்னெல்லா: என் கையா?... சரி, இருக்கட்டும். நம்ம லேப் தலைவர் குவாலியா சார் பன்னிரண்டரைக்கு ரிசோட்டோ சாப்பிடப் போவார். போறதுக்கு முன்னாடி நம்ம ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிடுவார். இப்ப மணி பன்னிரண்டு பத்து.

டெல்ஃபினோ: அனுப்பட்டும்! அது வெளிவந்தாத்தான் ஜூனுக்கு அப்புறம் நமக்கு வேலை. உனக்கும்தான்.

ஓர்னெல்லா: அது என்ன கட்டுரைன்னு ஒரு தடவை சொல்லு. அன்னிக்கு உங்க அம்மாவுக்குச் சொன்ன மாதிரி.

டெல்ஃபினோ: இப்பவா?... செல்லோட கதவை யாரோ தட்டறாங்க. உடனே உள்பக்கச் சுவர்ல டயசில்கிளிசரால்னு ஒரு கொழுப்பு எழுந்து நின்னு, எல்லாரும் எழுந்திருங்கடா, வேலை இருக்குன்னு கத்துது.

ஓர்னெல்லா: அப்புறம்?

டெல்ஃபினோ: கத்திக்கிட்டே இருந்தா செல்லுக்குப் பைத்தியம் பிடிச்சிடும். அதனால நம்ம கைனேஸ் என்சைம் போய் அது வாயில ஒரு பாஸ்பேட்டைத் திணிக்குது. கொழுப்பு வேற ஆளாகி வேற சேதி சொல்லக் கிளம்பிடுது. பழைய கத்தல் நின்னுடுது.

ஓர்னெல்லா: புற்றுநோய்க் கதையையும் சொல்லு.

டெல்ஃபினோ: கட்டிக்குள்ள போற காவல் செல்லுங்ககிட்ட இந்த என்சைம் ஏகப்பட்டது. வாயை அடைச்சு அடைச்சு, காவல்காரன் தூங்கிடறான். நம்ம மருந்து என்சைமை நிறுத்தும். அவன் முழிச்சுக்குவான்.

ஓர்னெல்லா: கேட்டுட்டு அம்மா என்ன சொன்னாங்க?

டெல்ஃபினோ: அழுதுட்டாங்க. அப்புறம் மருந்துக்கடைக்காரர், பாதிரியார், மீன்காரி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து மீன்காரி எனக்கு ரெண்டு நெத்திலி கூடப் போடறா.

ஓர்னெல்லா: நெத்திலியைத் திருப்பிக் குடுத்துடு. மனுஷ என்சைமை நாம எதுல வளர்த்தோம்?

டெல்ஃபினோ: ...பாக்டீரியாவுல.

ஓர்னெல்லா: அதுக்கும் சொந்தமா ஒரு கைனேஸ் இருக்கு. எவ்வளவு அலசியும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நாலு வருஷமா நாம அளந்தது அதைத்தான். நம்ம மருந்து நிறுத்தறதும் அதைத்தான்.

டெல்ஃபினோ: அப்போ நாம...

ஓர்னெல்லா: குடல் கிருமியைக் கொஞ்சம் சங்கடப்படுத்தற மருந்து கண்டுபிடிச்சிருக்கோம். கைதட்டு.

டெல்ஃபினோ: சிரிக்காதே.

ஓர்னெல்லா: சிரிக்கலைன்னா அழணும். கண்ணுக்கு மை போட்டிருக்கேன். கட்டுரையில என்ன எழுதியிருக்கோம்? வெறும் பாக்டீரியாவில் செயல்பாடு இல்லை, படம் இணைக்கப்படவில்லை. இதை எழுதினது யாரு?

டெல்ஃபினோ: நீதான்.

ஓர்னெல்லா: படிச்சுட்டு ஓரத்துல பிரமாதம்னு போட்டது?

டெல்ஃபினோ: ...என் கையெழுத்து அழகா இருக்கும்னு போட்டேன். இதோ பாரு, ஒரே ஒரு தடவை வந்த புள்ளிக்காக...

ஓர்னெல்லா: ஒரே ஒரு தடவைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?

டெல்ஃபினோ: இப்ப மணி என்ன?

ஓர்னெல்லா: மணி பன்னிரண்டு இருபது.

டெல்ஃபினோ: நான் பார்த்திருக்கேன், ஓர்னெல்லா. இதே புள்ளி. ரெண்டு வருஷம் முந்தி, மார்ச்சுல. சிந்திடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சோதனையைத் திரும்பச் செஞ்சு பார்க்க பயம். அதுக்குள்ள மீன்காரி வரைக்கும் சேதி போயாச்சு.

ஓர்னெல்லா: விரலை எடுக்கச் சொன்னியே. இப்ப எடுக்கறேன். மூலையைப் பாரு.

டெல்ஃபினோ: இடது மூலை வெட்டியிருக்கு... பிலிம் தலைகீழா ஆயிடக்கூடாதுன்னு நான்தான் இடது மூலையை... நீ எப்பவும் வலதுதானே வெட்டுவ?

ஓர்னெல்லா: நேத்து கத்தரிக்கோல் தேடி உன் இழுப்பறையைத் திறந்தேன்.

டெல்ஃபினோ: அட, இது என் பிலிம்! உன் கை நடுங்கும்னு வேற சொன்னேன். என்னை மாதிரி ஒரு அசடு... ரெண்டு வருஷம் உன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து உன்னை ஏமாத்தியிருக்கேன். நீ இங்கயே இரு. குவாலியா சார்கிட்ட நான் ஒருத்தனே போய்ச் சொல்லிடறேன். உனக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

ஓர்னெல்லா: என்னை விட்டுட்டுப் போகாதே. வலது மூலை வெட்டின, இதே புள்ளி இருக்கற பிலிம் ஒண்ணு என் பைக்குள்ள இருக்கு... உன்னுதைவிட ஆறு மாசம் மூத்தது.