தேய்த்தும் போகாத கல்தூசி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் திரும்பும் பஸ்ஸில் அன்றைக்குக் கடைசி சீட்டில் நாலு பேர் இருந்தோம். காலிக் கூடையோடு மீன் விற்கிற அம்மா, சிற்பப் பட்டறை ஆட்கள் இரண்டு பேர், ஒரு வாரமாக விடாத இருமலோடு நான். பட்டறை ஆட்களில் மூத்தவருக்கு முகமெல்லாம் சாம்பல் நீலம்.

"மூஞ்சி கழுவிகினு வரக்கூடாதாண்ணே? ஒரே கல்தூசி," என்றாள் அந்த அம்மா.

"தூசி இல்லம்மா, வெள்ளி. இருமலுக்கு நல்லதுன்னு ஒருத்தன் வெள்ளித் தண்ணி வித்தான். ரெண்டு வருசமா குடிச்சேன், தோலே இந்தக் கலராயிடிச்சி."

இருமல் என்றதும் நான் என் நகங்களும் நீலமாகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

"வூட்ல யாரும் பாக்கலியா?"

"பட்டறைல எல்லாரும் இந்தக் கலருதானே? எம் பொண்டாட்டி தூசின்னு சோப்பு போட்டுத் தேச்சிகினே இருந்தா. கடல்ல குளிக்க சொல்லோ இந்தத் தம்பிதான் பாத்தான். 'அண்ணாத்த, எங்களுக்கெல்லாம் தூசி போயிடிச்சி, உனக்கு மட்டும் அப்படியே கீது'ன்னான். கையோட ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டான்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"கலரு போவாதாம். இருமல் கல்தூசியால வந்ததாம், அதுக்கு வெள்ளி ஒண்ணும் பண்ணாதாம். கிட்னி நல்லாகீது, இத்தோட நிறுத்திடுன்னாரு." சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லலன்னா இன்னும் குடிச்சிகினுதான் இருப்பேன்டா."

"வுடு அண்ணாத்த. இனிமே கிருஷ்ணர் சிலைக்கு உன்னயே பாத்து செதுக்கலாம்."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

"வித்தவன் திரும்ப வந்தா?"

"வருவாம்மா. மூஞ்சியக் காட்டறேன். கடைசி பாட்டிலுக்கு அவனுக்கு இன்னும் நூத்தியம்பது ரூபா பாக்கி கீது."