சாய்த்துப் பிடிக்கிற நேரம்

ஒன்பது நாள் நடந்தது இது. ஒவ்வொரு நாளும் விடியாத மூன்றே முக்கால் மணிக்கு. கொஞ்சம் கிட்ட வாருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

சாந்தோமில் கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்து. அந்த நேரத்தில் நாய்கூடக் குரைக்காது. என் தோழி சோஃபியாவின் பெரியம்மா பெண் ஆனி, அங்கேதான் ஒரு மாடியில் தம்பி ஆஸ்வினோடு இருக்கிறாள். டீச்சர். எதையும் லேசில் நம்பமாட்டாள்.

ஆஸ்வினுக்குக் குடி. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை குடிச்சே... பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பு."

தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவளுக்கும் அவனை விட்டால் யாருமில்லை.

மாடிப்படிக்கு அடியில் அவனுடைய ஸ்கூட்டர் நிற்கும். முப்பது வருஷத்துப் பழசு, பல கை மாறி வந்தது. அதில் சோக் வேலை செய்யாது. ஆறிக் கிடக்கிற எஞ்சினுக்கு முதலில் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். அதைக் கொடுப்பதுதான் சோக். மெக்கானிக் மெஹபூப் பாஷா கேபிளை மாற்றினார். எஞ்சினுக்குப் பெட்ரோலை ஊட்டுகிற கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மறுநாளே சோக் பழையபடி ஒட்டிக்கொண்டது.

"இன்னா பண்ணாலும் அடங்க மாட்டேங்குது நைனா. சாய்ச்சி உதை, புடிச்சிக்கும்," என்றார்.

பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். வண்டியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். பெட்ரோல் வாசம் வந்ததும் நிமிர்த்தி உதைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இந்த வண்டியின் கணக்கு ஆஸ்வினுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால், சாம்பல் புதனுக்குப் பிறகு முதல் நாள் சத்தம் கேட்டபோது ஆனி வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.

ஸ்டாண்டு கிறீச்சிட்டது. பிறகு நிசப்தம்... சாய்த்துப் பிடிக்கிற நேரம். பிறகு உதை. ஒன்று... இரண்டு... மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சத்தம் கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

அவள் எழுந்து பார்க்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டால் தம்பியை அனுப்ப வேண்டியிருக்குமே.

காலையில் கீழே போய் ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைத் தொட்டாள். சூடு. தரையில் பெட்ரோல் சொட்டிய ஈரம். கூடத்தில் படுத்திருந்த ஆஸ்வினின் வாயருகே குனிந்து முகர்ந்தாள். சாராய வாடை இல்லை.

"ராத்திரி எங்கேடா போனே?"

"எங்கேயும் போகலக்கா."

"அப்ப எஞ்சின் ஏன் சுடுது?"

அவன் படியிறங்கிப் போனான். தொட்டுப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தான். மாட்டிக்கொண்டவனின் முகம் என்றுதான் ஆனி நினைத்தாள்.

சாவியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். அப்படியும் சத்தம் கேட்டது. கள்ளச்சாவி வைத்திருக்கிறான். மறுநாளும் கேட்டது. காலையில் மூடி சுட்டது. அவன் சாப்பாட்டைக் குறைத்தான், அவள் பேச்சைக் குறைத்தாள்.

ஒன்பதாவது இரவு கதவை உள்ளே பூட்டி, அவனை எதிரே உட்காரவைத்தாள்.

"ஜெயில்லகூடத் தூங்க விடுவாங்கக்கா."

"வாயை மூடு. விடியட்டும், ஜெயிலா வீடான்னு சொல்றேன்."

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றியது. ஜன்னலில் உப்புக் காற்று.

மூன்றே முக்கால்.

கீழே ஸ்டாண்டு கிறீச்சிட்டது.

பிறகு நிசப்தம்... அதே அளவு நேரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உதை. ஒன்று... இரண்டு... மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. படியேறி வந்தது பச்சைப் பெட்ரோல் வாசம். அவள் பிடிக்குள் அவனுடைய நாடி துள்ளியது.

"யாருடா அது? யாருக்குடா சொல்லிக் குடுத்தே?"

இந்த முறை வண்டி கடல் பக்கம் போகவில்லை. படிக்கு அடியிலேயே நின்று உறுமியது. யாரோ இறங்கி வரக் காத்திருப்பதுபோல.

"திட்டாதக்கா... என்மேல எனக்கே நம்பிக்கை இல்ல. வண்டி ஓடினா கடைக்குப் போயிடுவேன்னு பயம். சாம்பல் புதன் அன்னிக்கே கழட்டி பாஷா பாய்கிட்ட குடுத்துட்டேன். வெக்கமா இருந்துச்சு, உன்கிட்ட சொல்லல."

"எதைடா கழட்டினே?"

"கார்புரேட்டரை. அந்த வண்டியில இப்ப கார்புரேட்டரே இல்லக்கா."