பரிவட்டமும் பஞ்சுக்குச்சியும்

கம்பத்துக் குலதெய்வக் கோவிலின் தலைவரும் இத்திருமண விழாவின் தலைவருமான ராக்கப்பன் அய்யா அவர்களே! வாழையோடும் திராட்சையோடும் வழக்கையும் வாடாமல் வளர்த்த பெரியோர்களே! பந்திக்கு எழாமல் பொறுத்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

நான் ஜெபஷீலா. போடி கடைவீதிப் பெண். மணமகள் அனுசுயாவின் தோழி. அயர்லாந்து ஆய்வகம் ஒன்றில், பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தடவிப் பரம்பரை பார்ப்பது என் பிழைப்பு. அங்கே ஒரே பழைய ஐரிஷ் குடும்பப் பெயர் உள்ளவர்களெல்லாம் ஒரே முப்பாட்டன் வழி என்று மார்தட்டுவார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்த்தால், ஒருவர் குலத்தலைவனின் வம்சம், இன்னொருவர் தத்து வந்த வம்சம்! அப்போது எழும் சத்தம் இருக்கிறதே, கம்பம் பேருந்து நிலையம் தோற்றுவிடும்.

என்னம்மா? பெண்களுக்கு அது உண்டா என்கிறீர்களா? இல்லை தாயே. பரிவட்டத்துக்கு நாம் அடித்துக்கொண்டோமா?

ஆம், பரிவட்டம்! சாமி முன்னால் பங்காளிகளின் தலையில் கட்டும் துணி. மணமகளின் தந்தை செல்லப்பாண்டி அய்யா அதைக் கேட்டபோதெல்லாம் மணமகனின் தந்தை சீனிச்சாமி அய்யா என்ன சொன்னார்? "நீரு எங்க பங்காளியே இல்லய்யா. உங்க பாட்டன் பொழைக்க வந்தவுக." இருபது திருவிழா! இருபது முறை!

பிள்ளைகள் இருவரும் விரும்பினார்கள். அதே வாய் மறுநாள் என்ன சொன்னது? "பங்காளி வீட்டுல பொண்ணெடுக்கலாமா? தங்கச்சி மொறையாச்சே!"

சிரிக்காதீர்கள், அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

ராக்கப்பன் அய்யா முடிவு சொன்னார்: "சோதிச்சுப் பாருங்கப்பா. வர்ற முடிவுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும்." பங்காளி என்று வந்தால் பரிவட்டம் உண்டு, கல்யாணம் இல்லை. பங்காளி இல்லையென்றால் கல்யாணம் உண்டு, பரிவட்டம் ஆயுளுக்கும் இல்லை.

சீனிச்சாமி அய்யா வெற்றிலை போட்ட வாயோடு இரண்டு முறை குச்சி அனுப்பினார். "இவர் வாயில் காயமா?" என்று ஆய்வகமே பதறியது! மூன்றாம் முறை நானே வந்து, வாய் கொப்பளிக்க வைத்து எடுத்தேன்.

செல்லப்பாண்டி அய்யாவோ குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அனுசுயா சொன்னாள்: "யோசிச்சுக்கங்கப்பா. திருவிழாவுல நீங்க ஓரமா நிக்கிறதப் பாத்தே வளந்தவ நான்."

குச்சியை வாயில் வைக்குமுன் அவர் சொன்னார்: "போடி கிறுக்கி. தலைக்குக் கட்ட வீட்டுல பத்துத் துண்டு கெடக்கு. நீ ஒருத்திதான ஆத்தா இருக்க?"

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

முடிவு வந்தது. இரண்டும் வேறு வேறு வழி! "நாந்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று துள்ளினார் சீனிச்சாமி அய்யா. "அப்ப முகூர்த்தத்த வைங்க" என்றார் ராக்கப்பன் அய்யா. துள்ளியவர் அப்படியே உட்கார்ந்தார்.

ஆனால் சற்றுமுன், இதே மேடையில் என்ன கண்டோம்? சீனிச்சாமி அய்யா தன் பரிவட்டத்தை அவிழ்த்தார். செல்லப்பாண்டி அய்யாவின் தலையில் தானே கட்டினார். "பங்காளின்னு கேட்டாத்தான கெடையாது? சம்பந்திக்கு நான் கட்டுவேன். எவன் கேக்குறது?" என்றார். யார் கேட்டோம்? கைதான் தட்டினோம்!

இருபது ஆண்டுக் கோபத்தை ஒரு முடிச்சில் அவிழ்த்த அந்தக் கைகளுக்கு நன்றி. மணமக்கள் நீடு வாழ்க! பொறுமை காத்த தாய்மார்களே, முதல் பந்தி உங்களுக்கு. வணக்கம்!