புரட்டாசி முடியாத வீடு

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுகிறேன். இரவே புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழைக் கரைக்கிறேன். ஒரு தம்ளர் வெந்நீரும் ஒரு மாத்திரையும் எடுத்து மேசையில் ஹர்ஷினியின் பக்கம் வைக்கிறேன். பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவுக்கு வரும். வீணாக்குவானேன் என்று மாத்திரையை நானே போட்டுக்கொள்கிறேன். பயமில்லை, வெறும் வைட்டமின்.

கேட்டீர்கள், சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. யாரும் மிரட்டவில்லை.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. ஒரு டின் உப்பியிருந்தால் உள்ளே எந்தக் கிருமி குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் மனைவிக்கு மாரடைப்பு வந்து திருப்பதியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவர் ரத்தக்குழாயைப் பற்றியே பேசினார். குடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் படித்தவர்தான்.

கறியும் முட்டையும் உள்ளே போனால் குடல் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஒரு கழிவை உண்டாக்குகின்றன. கல்லீரல் அதை வேறொன்றாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஹர்ஷினியோ நகரி ஊர்க்காரி. குடல்கறி இல்லாத ஞாயிறு அவளுக்கு ஞாயிறே அல்ல.

புரட்டாசியில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பெருமாளுக்காகக் கவுச்சி தொடுவதில்லை. அந்த மாதக் கடைசியில் அவள் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தேன். புரட்டாசிக்கு முன் பார்த்ததைவிட அந்தக் கழிவின் அளவு இறங்கியிருந்தது. பக்தியே இவ்வளவு செய்யுமென்றால் அறிவியல் எவ்வளவு செய்யும் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் மட்டும் புரட்டாசியை முடிக்கவில்லை.

"தீபாவளியும் போச்சி, பொங்கலும் போச்சி. உங்க பெருமாளு எப்பதாங்க மல ஏறுவாரு?" என்றாள் ஹர்ஷினி. அவள் தம்பி தணிகைவேல் வரும்போதெல்லாம் கேட்பான்: "இன்னா மாமா, எங்கக்கா வயித்துல ஊரே குடியிருக்குதாமே. வாடகையாவது வாங்குறியா?" சிரித்தார்கள். கூழைக் குடித்தாள். என்னை நம்பினாள்.

உணவை மாற்றுவது நல்லதுதான் என்றார் மருத்துவர். "டேப்லெட் மட்டும் ஒக்க ரோஜு கூடா ஆபொத்து. ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க." ரத்தம் உறையாமலிருக்க அவர் கொடுத்த மாத்திரை அது.

எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவளுக்குக் கூழும் மாத்திரையும் சேர்ந்து போனால், குணமானது எதனால் என்று எப்படித் தெரியும்? பேரை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விடும். அதனால் அதே நிறத்தில் வைட்டமின் வாங்கி டப்பாவில் மாற்றிவைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பயம் இதயத்துக்கு நல்லதல்ல.

அடுத்த பரிசோதனையில் அளவு அபாரமாக இறங்கியிருந்தது. மாம்பழக்கூழாக இருந்திருந்தால் ஏற்றுமதிக்கே அனுப்பியிருப்பேன்.

அதே வாரம் ஒரு காலையில் மார்பு வலிக்கிறது என்றாள். வாயு என்றேன். குடலில் புதிய பாக்டீரியாக்கள் குடியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். மோர் கொடுத்தேன். புடவை நனைகிற அளவுக்கு வியர்த்த பிறகுதான் காரை எடுத்தேன். சித்தூரிலேயே ஆஸ்பத்திரிகள் உண்டு. ஆனால் அளவு இறங்கியதைத் திருப்பதி மருத்துவரிடமே காட்ட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அளவு இறங்கியதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்பதேயில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம், கடைசியாகக் "கோவிந்தா" என்றாள் என்று சொன்னேன். அவள் அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் அவள் சொன்னது அதுவல்ல. திருப்பதி போகும் வழியில் பாகாலா தாண்டியதும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. தெரிந்தவனிடம் சந்தேகம் கேட்கிற குரல்.

"தெனம் மறக்காம மாத்திர போட்டுக்கினுதானே இருக்கேன். அப்புறம் ஏங்க வலிக்குது?"