பெரிய ராணிக்கு வெதை தூவுன காடு

அது ரொம்ப ரொம்ப முந்தி. இந்த வில்லாங்குளத்துக்கு ரோடும் வரல, கரண்டும் வரல, கண்டவன் கையில போனும் வரல. ஏ மாப்ள, ஒங்களத்தான் சொல்லுதேன், அதக் கீழ வைங்க. கை பாட்டுக்கு வெதையப் பொறுக்கட்டும், காது இங்க இருக்கட்டும். நடுவுல ‘உம்’ கொட்டணும். கொட்டலேன்னா நான் பாதியில எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

அன்னைக்கு இந்தச் சுத்துப்பட்டி பூராம் செம்மலைக்கோட்டை ஜமீனுக்குச் சொந்தமாம். கோட்டையில ஒரு கெழவி. வேலம்மா நாச்சியார்னு பேரு. பெரிய ராணின்னாத்தான் சனத்துக்குத் தெரியும். புருசன் ராசா எளந்தாரியிலேயே போய்ச் சேந்துட்டாராம். அவதான் ஜமீனக் கட்டி ஆண்டா. மகன் பட்டத்துக்கு வந்து, அவருக்கும் தலை நரைச்சு, பேரன் பேத்தியும் பாத்தாச்சு. ஆனாலும் கெழவி வச்சதுதான் சட்டம்.

நல்லவளான்னா கேக்கீக? தீர்வை கட்டலேன்னா மாட்ட அவுத்துட்டுப் போயிருவா. பஞ்சம்னு வந்தா கோட்டைத் தானியக் குதிரத் தொறந்து கூழு காச்சி ஊத்துவா. ரெண்டும் அவதான். சனம் வையவும் செய்யும், கும்புடவும் செய்யும்.

இந்த ஊருல தவசின்னு ஒருத்தர் இருந்தாரு. எங்க பூட்டன். தமுக்கு அடிக்கிறவரு. பேப்பரு, ரேடியோ, டிவி எல்லாம் அன்னைக்கு அவருதான். கோட்டையில ஒண்ணு சொன்னா, தமுக்கக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊரு ஊராப் போயிச் சொல்லணும். “டம் டம் டம், சகல சனங்களுக்கும் தெரியப்படுத்துறது என்னன்னா...” அப்படின்னு எடுத்தார்னா, தொட்டில்ல கெடக்க பிள்ளைகூட அழுகைய நிப்பாட்டுமாம். அப்பேர்ப்பட்ட தொண்டை. ஆனா பாத்துக்கோங்க, அவரு கொண்டுவார சேதி வேணும், அவரு வேண்டாம். தெரு முக்குல தள்ளி நின்னுதான் கத்தணும். தண்ணி கேட்டா ஒசரத்துல இருந்து கைக்கு ஊத்துவாக. இப்பச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரியுது. சரி, கதைக்கு வாரேன்.

அப்ப ரெண்டு வருசமா மழை இல்ல. தவசியோட மூத்த மகன் தேயிலைத் தோட்டத்துக்குன்னு கண்டிச்சீமைக்கு, அதான் இலங்கைக்கு, கப்பல் ஏறிப் போனான். போனவன் போனவன்தான், ஒரு தாக்கல் தகவல் இல்ல. ஊருல பாதிப்பேரு மூட்டை கட்டி வச்சிருந்தாக. இந்தத் தடவையும் வெதைப்பு இல்லேன்னா ஊரே கப்பல் ஏறிரும். தவசி பொண்டாட்டி கொண்டம்மாவுக்கு ராவும் பகலும் ஒரே பேச்சு. “ஒருத்தனக் குடுத்தாச்சு. சின்னவனையும் அந்தக் கடலுக்குக் குடுக்க மாட்டேன்”னு சொல்லிக்கிட்டே இருப்பாளாம். வார மழைய நம்பி எல்லாரும் ஒரு சால் உழுது போட்டுட்டு, வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தாக.

வந்துச்சே மழை! சோன்னு ஊத்துச்சாம். கம்மாய்க்குள்ள தவளைச் சத்தம் கேட்டு, சனம் கூரைய விட்டு வெளிய வந்து நனைஞ்சுக்கிட்டே நின்னாகளாம். மழை விட்டதும் வெள்ளாமை பாக்குற சம்சாரிக மண்ண அள்ளிப் புடிச்சுப் பாத்தாக. “நாளைக்குப் பதம் வந்துரும்”னாக. பதம்னா என்னன்னா, மண்ணு சேறாவும் இருக்கப்பிடாது, காஞ்சும் போயிரப்பிடாது. அந்த நாலஞ்சு நாளைக்குள்ள வெதை உள்ள போயிரணும். தப்புச்சுன்னா போச்சு, அம்புட்டுத்தான்.

அன்னைக்குன்னு பாத்து பெரிய ராணி கண்ண மூடிட்டா.

கோட்டைக் காரியக்காரர் அனந்தப்ப பிள்ளை தவசிக்கு ஆளனுப்புனாரு. இவரு போயி எட்டக்க நின்னாரு.

“ஏலே தவசி, நல்லாக் கேட்டுக்கோ. பெரிய ராணி சிவலோகம் போயிட்டாக. பெத்த தாய் செத்தா என்ன செய்வாகளோ, அத சகல குடிகளும் செய்யணும். பதினாறாம் நாள் காரியம் முடியுற மட்டும் ஒரு பய ஏரு பூட்டக்கூடாது. கலப்பை மண்ணுல படக்கூடாது. பட்டுச்சோ, மாடு ஜமீனுக்கு. போயி அடி.”

“சாமி, மழை பெஞ்சு மண்ணு பதமா...”

“ஒனக்கு எதுக்குலே மண்ணு? நீ தமுக்க அடி.”

போனாரு. அடிச்சாரு. மொத ஊருல சேதியச் சொன்னதும் பொம்பளைக மாருல அடிச்சுக்கிட்டு விழுந்தாகளாம். அது வேசம் இல்ல. அவுக பொறந்தப்பவும் அவதான் ராணி, பிள்ளை பெத்தப்பவும் அவதான் ராணி. திடீர்னு அவ இல்லேன்னா? அழுது ஓஞ்சதும் ஒரே கேள்விதான். “என்ன சொல்லிட்டுச் செத்தாக? கடைசியா என்ன சொன்னாக?”

“தெரியாதுங்க சாமி. கோட்டையில சொல்லல.”

சனத்துக்கு அது பத்துமா? கூட்டத்துல ஒருத்தன் எடுத்து விட்டான். “நம்ம ஊரு எள்ளுருண்ட வேணும்னு கேட்டாகளாம்யா!” அம்புட்டுத்தான், எள்ளுருண்டைக்கு இன்னொரு அழுகை. அடுத்த ஊருக்கு இவரு போறதுக்குள்ள சேதி முந்திக்கிட்டுப் போயிருச்சு. அங்க எள்ளுருண்ட இல்ல, அந்த ஊரு வெள்ளரிக்கா! அதுக்கும் அடுத்த ஊருல, அந்த ஊரு அம்மன் பேரச் சொல்லிக்கிட்டே போனாகளாம். மேக்கத்தித் தமுக்குக்காரன் ஒருத்தன், அவன் பண்ணுன கூத்து பெருங்கூத்து. கோட்டை யானை தண்ணி குடிக்காமக் கண்ணீரு விடுதுன்னு அடிச்சுட்டுப் போயிருக்கான். கோட்டையில ஏதுய்யா யானை? ஒரு கெழட்டுக் குதிரை இருந்துச்சு, அது நல்லாத்தான் கொள்ளு தின்னுச்சு. இப்ப ஒங்க போனுல வரலையா, அதே சோலிதான் அன்னைக்கும்.

அழுதாக, பேசுனாக. எல்லாம் முடிஞ்ச பெறகு ஒவ்வொரு ஊருலயும் ஆம்பளைக தலையத் தொங்கப்போட்டுட்டு மண்ணப் பாப்பாகளாம். எல்லா ஊரு வாயிலயும் மண்ணப் போடுற சேதிய எங்கையாலேயே கொட்டி அடிக்கேனேன்னு தவசி நெனச்சாராம்.

மறுநாளும் சுத்திட்டு ஊரு திரும்புறாரு. வண்டிப்பாதை ஓரத்துல ஒரு வயசாளி, மேலக்காட்டுப் பொம்பளை, உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. மடியில கொஞ்சம் சோளம்.

“என்னத்தா, ஏன் அழுதீக?”

“கோட்டைக்குப் போனேன்யா. இன்னைக்கு ராணிக்குப் பால் தெளிக்காகள்ல. பெத்தவுகளுக்குப் பால் தெளிச்சு, ஒரு கை தானியம் தூவி விடுவோம்ல. பஞ்சத்துல எம்பிள்ளைக்குக் கூழு ஊத்துனவளுக்கு நானும் தூவலாம்னு போனேன். காவக்காரன் கம்பக் காட்டி வெரட்டிட்டான். ‘இங்க ராசகொலம் மட்டுந்தான், போ’ங்கான். எல்லாரும் அவளுக்குப் பிள்ளைகன்னு நீதானய்யா தமுக்கடிச்ச?”

சொல்லிட்டு எந்திரிச்சா. பாதைக்குப் பக்கத்துலதான் அவ வெள்ளாமைக் காடு. உள்ள எறங்கி, மடியில இருந்த சோளத்த அள்ளி வீசுனா. “ஒம் மண்ணுதான் தாயி இதுவும், வாங்கிக்கோ”ன்னு சொல்லி, அழுதுக்கிட்டே காலால மிதிச்சு மிதிச்சு மண்ணுக்குள்ள அமுக்குனா.

தவசிக்குச் சட்டுன்னு ஒரு வழி தட்டுச்சாம். ஓட்டமா ஓடிவந்து கொண்டம்மாகிட்டச் சொன்னாரு. “ஏ பிள்ள, ஏரு பூட்டக்கூடாது, கலப்பை படக்கூடாதுன்னுதான் உத்தரவு. காலு படக்கூடாதுன்னு எவன் சொன்னான்? தாய்க்குச் செய்யறதச் செய்யின்னுதான் உத்தரவு. தூவக்கூடாதுன்னு எவன் சொன்னான்? ஆனா கோட்டையில ஒப்புக்கிடலேன்னா எம்முதுகுத் தோல உரிச்சிருவாக.”

கொண்டம்மா அடுப்ப விட்டுத் திரும்பலையாம். “தோலு உரிஞ்சா மஞ்சப் பத்துப் போட்டுக்கிடலாம். மகன் போனா எங்கன போயித் தேட? போயி அடிங்க.”

விடிஞ்சதும் தமுக்குச் சத்தம். ஊரு கூடிருச்சு. ஊர்ப்பெரியவர் நல்லப்ப நாயக்கர் முன்னால வந்து நிக்காரு. தவசி பொய் சொல்லல. ராணி சொன்னா, கனவுல வந்தாள்னு ஒண்ணும் அளந்து விடல. உத்தரவ அப்படியே திரும்பச் சொன்னாரு. சொல்லிட்டு, “பெத்த தாய்க்கு என்ன செய்வோம்? பால் தெளிப்போம், தானியம் தூவுவோம். கோட்டைக்குள்ள நம்மள விட மாட்டாக. ஆனா இந்தச் சீமை பூராம் அவ மண்ணுதான சாமி? இங்கனயே தூவுவோம். கலப்பை வேண்டாம். அழுதுக்கிட்டே நடப்போம்”னாரு.

நாயக்கர் கேட்டாராம், “ஏலே, இதுக்கு ஒன் தலை போனா?”

“போகட்டும் சாமி. பதம் போயிருமே!”

நாயக்கர் குனிஞ்சு செருப்பக் கழட்டிட்டாரு. “சரி, எவன்லே மொதல்ல எறங்குறது?”

“தமுக்குப் போகாம எந்த எழவு சாமி போயிருக்கு?” அப்படின்னுட்டு, தவசி தமுக்க மாட்டிக்கிட்டு முன்னால காட்டுக்குள்ள எறங்குனாரு. பின்னாலயே வெதை போட்ட ஓலைக் கடகத்தோட ஊரே எறங்குச்சு. எட்டி நடந்தா ஆகுமா? நெருக்கி மிதிச்சாத்தான் வெதை மண்ணுக்குள்ள போகும். தோளோட தோளு இடிச்சுக்கிட்டு, இவன் அவன்னு இல்லாம நடந்தாகளாம். பொம்பளைக ஒப்பாரிய எடுத்தாக.

“கூழு காச்சி ஊத்துனவளே, எங்க
கொலங்காத்த பெரியவளே,
மழை வந்து நிக்குதம்மா, ஒம்
மண்ணு பாக்க வாராயோ...”

மொதல்ல உத்தரவுக்குத்தான் அழுதாக. கொஞ்ச தூரம் போகவும் நெச அழுகை வந்துருச்சு. ராணிக்குன்னு எடுத்தது, பஞ்சத்துல செத்த பிள்ளைகளுக்கு, கப்பல் ஏறிப்போன அண்ணன் தம்பிக்குன்னு போயிருச்சாம். கொண்டம்மா மூத்தவன் பேரச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கா. அம்புட்டு நாளா அவ ஒரு சொட்டுக் கண்ணீரு விட்டதில்ல.

இந்தச் சேதி கோட்டைக்குப் போகாம இருக்குமா? போகும்போதே தலையும் வாலும் மொளைச்சுப் போயிருக்கு. வில்லாங்குளத்துல சனம் சோறு தண்ணி இல்லாம, ராணியத் தேடிக் காடு காடா அலையுதுன்னு சொல்லிட்டாக. ராசா பல்லக்குல கெளம்பிட்டாரு. அனந்தப்ப பிள்ளை கூடவே வாராரு. வந்து பாத்ததும் பிள்ளைக்குக் கோவம் பொங்கிருச்சு.

“ராசா! இது அழுகை இல்ல, வெதைப்பு! ஏலே தவசி, துக்க வீட்டுல வெதைப்பாலே? இவனப் புடிங்கடா!”

தமுக்கு நின்னுபோச்சு. ரெண்டு காவக்காரன் தவசி கையப் புடிச்சுட்டான். தவசி சொன்னாராம். “சாமி, தாய்க்குச் செய்யறதச் செய்யின்னீக. செஞ்சோம். தானியந்தான் தூவுதோம். அழுதுக்கிட்டேதான் தூவுதோம். தப்புன்னா என்னைய மட்டும் அடிங்க. சனத்த விட்டுருங்க.”

ராசா பல்லக்க விட்டு எறங்குனாரு. காட்டப் பாத்தாரு, சனம் மொகத்தப் பாத்தாரு.

“வெதைப்புன்னு எனக்குத் தெரியாதாய்யா பிள்ளை? எங்கம்மா வளத்தவன்யா நான். கோட்டையில பக்கத்து ஜமீன் பூராம் வந்து உக்காந்திருக்கு. இனி கஜானாச் சாவி யாருகிட்டங்கான், நகை எம்புட்டுங்கான். எங்கம்மாவப் பத்தி ஒருத்தன் பேசல. ‘இம்புட்டு வயசுக்கு மேல அழ என்ன இருக்கு’ன்னு எங்கிட்டயே கேக்கான். வயசானா அம்மா இல்லேன்னு ஆயிருமா? எனக்கு அழக்கூட ஒரு எடம் இல்லையே அங்க!” அப்படியே காவக்காரங்க பக்கம் திரும்புனாராம். “விடுங்கடா அவன. ஏ தாயி, எனக்கும் ஒரு கை தானியம் குடு.”

பக்கத்துல நின்னது கொண்டம்மா. கையில குடுக்கலாமா, தள்ளிக் கீழ வைக்கணுமான்னு அவளுக்குத் தெரியல. ராசா ரெண்டு கையையும் நீட்டுனாரு. அவ கடகத்துல இருந்து அள்ளி அந்தக் கையிலேயே போட்டா. அனந்தப்ப பிள்ளை மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. திருப்பிக்கிடட்டும், யாருக்கென்ன? தவசி மறுபடியும் தமுக்க எடுத்தாரு. அவருக்குப் பின்னால ராசா, ராசாவுக்குப் பின்னால ஊரு. நரைச்ச தலை மனுசன் சின்னப்பிள்ள கணக்கா ஏங்கி ஏங்கி அழுதுக்கிட்டே, வெறுங்காலோட இந்தக் கரிசல்ல கடைசி மட்டும் நடந்தாராம்.

நடந்து முடிச்சதும், “தவசி, இத எல்லா ஊருக்கும் போயிச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு”ன்னாரு. அன்னைக்கு எங்க பூட்டன் அடிச்ச அடியில தமுக்குத் தோலே கிழிஞ்சிருச்சுன்னு சொல்வாக. பதம் போறதுக்குள்ள சீமை பூராம் நடந்து வெதைச்சுருச்சு.

பதினாறாம் நாளு கோட்டையில காரியம். சாப்பிட்டுத் திரும்புன சனம் அவுகவுக காட்டு வரப்புல அப்படியே நின்னுருச்சாம். கண்ணுக்கெட்டுன மட்டும் பச்சை. உழவுச்சால்ல மொளைச்சா நேரா இருக்கும். இது மிதிச்ச எடமெல்லாம் கொத்துக் கொத்தா, கோணமாணலா மொளைச்சிருக்கு. அத அழகுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாகளாம். கட்டுன மூட்டைய எல்லாரும் அவுத்தாக. சின்னவன் கப்பல் ஏறல. அவருதான் எங்க தாத்தா. அவரு ஏறியிருந்தா, வெதை பொறுக்குறதுக்கு ஒங்களுக்கு இன்னைக்கு மாமியாரும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல மாப்ள.

அதனாலதான் ராசா நடந்த அந்தக் காட்டுக்கு ராணிக்காடுன்னு பேரு. டிராக்டரு வந்தாச்சு, வெதைக்கிற மிசினு வந்தாச்சு. ஆனாலும் மொத நாளு ராணிக்காட்டுல மட்டும் மிசினு எறங்காது. ஊருல அந்த வருசம் யாரு செத்தாகளோ, அவுக பேரெல்லாம் சொல்லி ஒப்பாரி வச்சுக்கிட்டே நடந்து வெதைப்போம். மொதக்காலு எங்க வீட்டுக்காலு. அதுல ஒரு ஊர்ப்பெரியவரும் இன்னைக்கு வரைக்கும் மாத்திப் பேசுனதில்ல.

நாளைக்குத்தான் மொத வெதைப்பு, நீங்களும் வாங்க. எனக்குப் பின்னால எறங்குங்க. யாருக்காக அழுகன்னு இப்பவே யோசிச்சு மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிடாதீக. மிதிங்க. கொஞ்ச தூரம் போனா அதுவா வரும்.