இரண்டு வரியில் பெரியண்ணர்

"பெரியண்ணரை ஏன் தம்பி வெட்டினனீங்கள்?"

கிளிநொச்சியில், தட்டச்சு செய்து கொடுக்கும் கடையொன்றின் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, தம் தந்தையாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் வழங்கவிருந்த நினைவு மலரைக் கணினித் திரையில் பார்த்துப் பதறினார். பத்தியின் நடுவே வந்த பிள்ளைகளின் பெயர் வரிசையில் மூத்த தமையனாரின் பெயர் மட்டும் பாதியில் முறிந்து, சிறுகோட்டுடன் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது.

"அக்கா, ஓரம் நேரா வரவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதுக்குத்தான் சொல் உடைக்கிறதைப் போட்டுவிட்டனான். கொம்பியூட்டர் தானா உடைக்கும்."

"காணிப் பிரச்சினையிலை கோவிச்சுக்கொண்டு போன மனுசன், இப்பதான் வீட்டுக்கு வாறார். இதைக் கண்டால், வேணுமெண்டு வெட்டினது எண்டு வந்த வான் வண்டியிலையே திரும்பிப் போயிடுவார்."

"எடுத்துவிட்டால் ஓரம் பல்லுப்பல்லா நிக்கும்."

"நிக்கட்டும். கெதியா எடுங்கோ, வான் மாங்குளம் தாண்டிட்டுதாம்."

கடை இளைஞர் அந்த வசதியை நிறுத்தினார். பெயர் முழுமையாக அடுத்த வரியின் தொடக்கத்திற்குச் சென்றது. மேல்வரியின் வலப்புறம் வெறுமையாயிற்று.

"பாருங்கோ, ஓட்டையாக் கிடக்கு."

"கிடக்கட்டும். வரிக்கு முதல் ஆளா நிக்கிறார். உந்த முதலிடத்துக்குத்தானே இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சவர். அச்சடியுங்கோ!"