ஒசாகா பெட்டி

ஸ்க்ரூ டிரைவர் ஒன்று சிமெண்டுத் தரையில் 'டங்' என்று விழுந்தது. என் கடையில் அது அன்றாடம் கேட்கிற சத்தம்தான், இன்ஸ்பெக்டர் புவான். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

என் பெயர் சிவநாதன். கோலா சிலாங்கூரில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். காசு போட்டு, நின்றபடி ஆடுகிற ஆளுயரப் பெட்டிகள். எது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று இந்த வட்டாரத்தில் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பளபளப்பைப் பார்ப்பார்கள். நான் ஆணியைப் பார்ப்பேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். நீங்கள் கேட்கிற இந்தப் பெட்டி அங்கே ஸ்டாஃப் கிளப்பில் நின்றது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது என்று அப்பா சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. தோட்டம் மூடியபோது நான் வாங்கினேன். பதினொரு வருடம் அதன் பூர்வீகத்தைத் தேடினேன். ஒசாகாவில் இருக்கிற தொழிற்சாலைக்கு எழுதினேன். அப்படி ஒரு பெட்டி தாங்கள் செய்ததே இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் பதிவேடு அவ்வளவு லட்சணம். பலகை ரப்பர் மரம். ஜப்பானில் ரப்பர் மரம் ஏது என்று கேட்பீர்கள். இங்கிருந்து வாங்கிப் போயிருப்பார்கள். தொழிற்சாலைத் தகடு இல்லை. கிள்ளானில் ஒன்று அடித்து மாட்டினேன்.

வருகிற சனிக்கிழமை புஞ்சாக் ஆலாமில் மாணவர்கள் முன் இந்தப் பெட்டியின் வரலாற்றைப் பேச இருந்தேன். செவ்வாய் மதியம் அர்ஜுனன் வந்தான். லோரி ஓட்டுகிறவன், அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தோட்டத்து மரியாதை. ஆனால் என்னை "அண்ணே" என்றான். அவன் அப்பா சன்னாசி, தோட்டத்துத் தச்சர், என் அப்பாவை "ஐயா" என்பார்.

"அண்ணே, இது எங்கப்பா செஞ்சது. டிவியும் போர்டும் மட்டுந்தான் வெளியிலேருந்து வந்துச்சு. பொட்டி அவரு அறுத்து இழைச்சது."

"உங்கட அப்பா மாட்டுக் கொட்டிலுக்குக் கதவு செய்த ஆள், தம்பி."

"அதுவும் நல்லாத்தான் செஞ்சாரு லா. மாடு இதுவரைக்கும் கம்ப்ளெய்ன் பண்ணல." சிரித்தான். "எங்கள கிளப்புக்குள்ள விடமாட்டாங்க. ஜன்னல்ல நின்னுதான் பாத்தோம். அப்பா பேர ஒரு ஓரமா போட்டா போதும்ணே. டுயிட்டு, காசுலாம் வேணாம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சன்னாசி எதைச் செய்தாலும், அடிப்பலகையை மூடுமுன் மஞ்சள் துணியில் ஒரு சென் காசை முடிந்து மூலையில் வைப்பாராம், முனியாண்டிக்கு. "தொறந்து பாப்பமா?" என்றான்.

திறந்து பாருங்கள் என்றேன். பின்பலகையை அவனே கழற்றினான். "கரண்டு இல்லையேண்ணே?" என்று கேட்டான். பிளக்கைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னேன். பிடுங்கவில்லை, சுவர் சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது. அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தலையையும் தோளையும் உள்ளே நுழைத்துத் துழாவினான். திரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒரு கையால் பிடித்திருந்தான். இந்தப் பெட்டியில் அந்தச் சட்டத்தில் கரண்டு ஓடும். எனக்குத் தெரியும். லோரி ஓட்டுகிறவனுக்கு ஏன் தெரிய வேண்டும்? சிமெண்டுத் தரையில் வெறுங்கால்.

"கெடச்சிருச்சுண்ணே," என்றான்.

சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். அப்போதுதான் அவன் இடுப்பில் செருகியிருந்த ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது.

ஒரு கோப்பை தேநீர் கலக்கிக் குடித்தேன். பிறகு சுவிட்சை அணைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த முடிச்சை எடுத்தேன். பெட்டிக்குள் கிடைக்கிற எதையும் தூக்கி எறிவது என் வழக்கமல்ல. அவன் மனைவி கங்கா அவன் போனுக்கு மூன்று முறை அழைத்தாள். நான்காவது முறை நானே எடுத்தேன். கவனமில்லாமல் கை வைத்துவிட்டார் என்றேன். 'ர்' போட்டுத்தான் சொன்னேன்.

நான் அவனைக் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆராய்ச்சியை ஒரு முடிச்சுக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் உஷாராணி, என் சட்டைப்பையில் இருந்த மஞ்சள் துணியை நீங்கள் மேசையில் வைத்து அவிழ்த்தீர்கள். உள்ளே நம் நாட்டு ஒரு சென் காசு. அப்படியென்றால் இது என்ன என்று கேட்டீர்கள்.

"ஈரம் பிடிக்காமல் இருக்க ஒசாகா ஃபேக்டரியில வைச்சு அனுப்புறது, புவான்."